ஏரியும் கலங்கலும்: சிறிய கார் இன்ஜினுக்குக் காற்றூட்டிய வரலாறு

உத்திரமேரூர் என்றவுடன் வரலாற்று ஆர்வலர்களின் நினைவுக்கு வருபவை வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களும், அவற்றில் பொறிக்கப்பட்டுள்ள முதற் பராந்தகர் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளுமே. கி.பி. 919 ஆம் ஆண்டிலும், இரண்டாண்டுகள் கழித்து 921 ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகள், முப்பது குடும்புகளிலிருந்து வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறையை விளக்குகின்றன. சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர். அந்த அறுவரின் பொறுப்பில் இருந்த பேரேரி, பல்லவ அரசரின் பட்டப்பெயரால் வயிரமேக தடாகம் என்று அழைக்கப்பட்டது.

ஏரி வாரியத்திற்கும் காருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். ஏரியில் நீரை உயர்த்த விரும்பினால் கரையையும் உயர்த்த வேண்டும். மிகுந்த நீர் வழிந்தோடக் கலங்கல் அமைக்க வேண்டும். மதகு அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். சிறிய கார் ஒன்றின் இன்ஜினில் சூப்பர்சார்ஜர் பொருத்துபவரும் இதையேதான் செய்கிறார். நீருக்குப் பதில் காற்று. கரைக்குப் பதில் சிலிண்டர். நம் ஊர்ப்பக்கப் பட்டறைகளில் அவ்வப்போது பேசப்படும் இக்கருவியின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

உலைக்களத்திலிருந்து காருக்கு

இன்ஜின் என்பது அடிப்படையில் காற்றை உள்ளிழுத்து, பெட்ரோலோடு கலந்து எரித்து, வெளித்தள்ளும் பொறி. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. ஆகவே இன்ஜினின் வலிமையை வரையறுப்பது பெட்ரோலைவிடக் காற்றே எனலாம். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிவிடலாம். காற்றை அவ்வாறு ஊற்ற இயலாது. பிஸ்டன் கீழிறங்கும்போது தானாக உள்ளே நுழையும் அளவே கிடைக்கும். அந்த அளவை மிகுதிப்படுத்தக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவியே சூப்பர்சார்ஜர். கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் வழியாகவோ பல்சக்கரம் வழியாகவோ இது சுழல்கிறது. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் சுழல்வது டர்போ. இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் உடன்பிறப்புகள்.

இக்கருவியின் மூதாதை கொல்லனின் துருத்தி. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860 இல் காப்புரிமை பெற்ற காற்றூதிப் பொறி, உலைகளுக்குக் காற்றூதவும் சுரங்கங்களுக்குக் காற்றோட்டம் தரவுமே பயன்பட்டது. இரண்டு சுழலிகள் ஒன்றோடொன்று உரசாமல் எதிரெதிராகச் சுழன்று காற்றை அள்ளி மறுபுறம் தள்ளும் அந்த அமைப்பு, பெயர்கூட மாறாமல் இன்றும் பல சூப்பர்சார்ஜர்களில் உள்ளது. 1902 இல் பிரான்சின் லூயி ரெனோ விசிறி வகைச் சூப்பர்சார்ஜருக்குக் காப்புரிமை பெற்றார். 1908 இல் அமெரிக்காவில் லீ சாட்விக்கின் பந்தயக் கார் இக்கருவியோடு மலையேற்றப் போட்டிகளில் ஓடியது. முதல் உலகப் போர்க்காலத்தில் விமானப் பொறியாளர்கள் இதன் தேவையை நன்குணர்ந்தனர். உயரம் செல்லச் செல்லக் காற்று மெலிகிறது, இன்ஜினும் சோர்கிறது.

1921 இல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் நிறுவனம் சூப்பர்சார்ஜர் பொருத்திய சாலைக் கார்களைக் காட்சிக்கு வைத்தது. 1923 இல் மோன்சாவில் நடந்த இத்தாலிய கிராண்ட் பிரீயில் ஃபியட் 805 வென்றது. சூப்பர்சார்ஜர் பொருத்திய கார் ஒன்று கிராண்ட் பிரீ பந்தயத்தில் பெற்ற முதல் வெற்றி அது.

ஒரு பழைய வழக்கு

இவ்வரலாற்றில் நாம் நின்று நோக்க வேண்டிய இடம் இங்கிலாந்தின் பென்ட்லி. அதன் நிறுவனரான டபிள்யூ. ஓ. பென்ட்லி, கூடுதல் வலிமை வேண்டுமானால் பெரிய இன்ஜினைக் கட்ட வேண்டும் என்ற கொள்கையினர். பந்தய வீரர் டிம் பிர்கினோ இருக்கும் நாலரை லிட்டர் இன்ஜினுக்கே சூப்பர்சார்ஜர் பூட்ட விரும்பினார். ஆம்ஹெர்ஸ்ட் வில்லியர்ஸ் அதனை வடிவமைத்தார். 1930 ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் இரு கொள்கைகளும் ஒரே களத்தில் மோதின. 'புளோயர் பென்ட்லி' எனப்பட்ட பிர்கின் அணியின் கார்கள் வேகத்தில் மிரட்டின. ஆனால் பந்தயத்தை முடிக்காமலேயே விலகின. சூப்பர்சார்ஜர் இல்லாத ஆறரை லிட்டர் ஸ்பீடு சிக்ஸ் வென்றது.

இதை வைத்துச் சூப்பர்சார்ஜரே வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டா. 1933 இல் அயர்லாந்தின் ஆர்ட்ஸ் களத்தில் நடந்த டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில், 1087 சிசி அளவே கொண்ட எம்ஜி கே3 என்னும் சூப்பர்சார்ஜர் காரை ஓட்டித் தாசியோ நுவோலாரி வென்றார். 1950 இலும் 1951 இலும் உலக வாகையர் பட்டங்களை ஆல்ஃபா ரோமியோவுக்குப் பெற்றுத் தந்தது ஒன்றரை லிட்டர் சூப்பர்சார்ஜர் இன்ஜினே. எனினும் அதற்குக் கொடுத்த விலை பெரிது. அக்கார்கள் ஒரு லிட்டர் எரிபொருளில் ஒரு கிலோமீட்டரைக்கூடக் கடக்கவில்லை. தொடக்கம் முதலே அதற்கென்று கட்டப்பட்ட இன்ஜினில் சூப்பர்சார்ஜர் வெல்கிறது; பின்னர் பூட்டப்படும்போது இன்ஜினின் எந்தப் பகுதி முதலில் தளரும் என்பதே கேள்வியாகிறது. வீட்டில் பொருத்துபவர் எதிர்கொள்வது இந்த இரண்டாவது நிலையைத்தான்.

வீட்டுக் கொட்டகைக்கு வந்த காற்றூதி

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் சிறிய கார்கள் பெருகின. அவற்றை வைத்திருந்தோருக்குப் புதிய பெரிய கார் வாங்க வசதியில்லை. இங்கிலாந்தில் ஷாராக், அமெரிக்காவில் ஜட்சன் முதலிய நிறுவனங்கள் மோரிஸ் மைனர், ஃபோக்ஸ்வேகன் பீட்டில் போன்ற கார்களுக்கெனத் தனித்தனியே சூப்பர்சார்ஜர் தொகுப்புகளை விற்றன. தாங்கிகள், பெல்ட், குழாய்கள் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். சாதாரணக் கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே பொருத்திக்கொள்ளலாம். ஜட்சன் கருவியின் தகடுகள் தேயாமலிருக்க, தனிப் புட்டியொன்றிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புட்டியை நிரப்ப மறந்தவர்களின் கருவி நெடுநாள் உழைக்கவில்லை.

தமிழகத்தில் இத்தகைய தொகுப்புகள் பரவவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த காலம் அது. ஆயினும் இருப்பதைக் கழற்றி மேம்படுத்தும் மரபு இங்கு வளமாகவே இருந்தது. கோவையின் ஜி. டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் போட்டு, மீண்டும் பூட்டித் தொழில் கற்றவர் என்பது பலரும் அறிந்ததே. வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையின் ஹெரால்டு கார்களும், ஃபியட்களும், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளமான சோழவரத்தில் பந்தயமோடின. சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது, காற்று நுழையும் வழிகளை அகலப்படுத்தி வழவழப்பாக்குவது, இரட்டைக் கார்புரேட்டர் பூட்டுவது ஆகியவையே பட்டறைகளின் வித்தைகள். 1980களின் இறுதியில் கோவையின் கரிவரதன் மாருதி 800 இன்ஜினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். பின்னர் பந்தயங்கள் சோழவரத்திலிருந்து திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்கு இடம்பெயர்ந்தன.

நம் மாவட்டத்திற்கு இன்னொரு தொடர்பும் உண்டு. ஒரகடத்தில் 2010 இல் தொடங்கிய ரெனோ–நிசான் தொழிற்சாலை, மைக்ரா கார்களை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தது. 2011 இல் ஐரோப்பாவில் அறிமுகமான மைக்ராவின் ஒரு வகையில், 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜினோடு சூப்பர்சார்ஜர் இணைந்திருந்தது. 98 குதிரைத்திறன், கிலோமீட்டருக்கு 95 கிராம் மட்டுமே கரிவளி. தேவையில்லாதபோது சூப்பர்சார்ஜரைத் துண்டித்துவிட ஒரு கிளட்ச் இருந்தது. பந்தயத்திற்கென்று பிறந்த கருவி, இங்கு எரிபொருளைச் சேமிக்கப் பணிபுரிந்தது. இந்தியச் சந்தைக்கு வந்த 1.2 லிட்டர் மைக்ராவில் அது இல்லை.

கணக்கைப் பார்ப்போம்

மாருதி 800 இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு இன்ஜின் இரு சுற்றுக்கு ஒருமுறையே காற்றை நிரப்புவதால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 400 சிசி காற்றை இழுக்கும். ஒரு சுற்றுக்கு 300 சிசி தள்ளும் சிறிய சூப்பர்சார்ஜரை, இன்ஜின் ஒருமுறை சுற்றும்போது 1.8 முறை சுற்றுமாறு புல்லிகளை அமைத்தால் 540 சிசி உள்ளே வரும். 400 இருக்க வேண்டிய இடத்தில் 540, அதாவது 1.35 மடங்கு. புல்லியின் விட்டத்தைச் சற்றே குறைத்தால் இந்த எண் ஏறும். பட்டறையில் ஆசை தொடங்குவதும் இந்தப் புல்லியில்தான்.

ஆனால் அழுத்தினால் காற்று சூடாகும். உத்திரமேரூரின் 40 டிகிரி கோடைக் காற்றை 1.35 மடங்கு அழுத்தினால், கருவி குறையே இல்லாததாக இருந்தாலும் வெப்பம் சுமார் 28 டிகிரி ஏறும். நடைமுறையில் ரூட்ஸ் வகைக் கருவியில் 50 டிகிரி வரை ஏறலாம். 90 டிகிரிக் காற்று சிலிண்டருக்குள் மேலும் அழுத்தப்படும்போது, ஸ்பார்க் பிளக் பொறியெழுப்பிய பின் தீ பரவி முடியும் முன்பே எஞ்சிய கலவை தானாக வெடிக்கிறது. மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதைத்தான். உள்ளே சுத்தியலால் தட்டுவது போன்ற அவ்வோசை நீடித்தால் பிஸ்டன் உடையும். கலவையில் பெட்ரோல் குறைந்தால் வெப்பம் இன்னும் ஏறும்.

ஆகவே சூப்பர்சார்ஜரைத் தாங்கியில் இறுக்கிப் பெல்ட்டை மாட்டுவது வேலையின் சிறு பகுதியே. கூடுதல் பெட்ரோல் தர வேண்டும். பொறியெழும் நேரத்தைத் தாழ்த்த வேண்டும். காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும். ஹெட் காஸ்கெட் தாங்க வேண்டும். மிகை அழுத்தத்தை வெளியேற்ற ஒரு வால்வு வேண்டும். அந்த வால்வுதான் ஏரியின் கலங்கல். பிறகு கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக். முப்பத்தைந்து விழுக்காடு கூடுதல் விசைக்கு இவற்றுள் எதுவும் வடிவமைக்கப்படவில்லை. ஏரிக்கரை உடைந்தால் நீர் நிற்கும் ஊரோடு போகாது. கீழேயுள்ள ஊர்களையும் அழிக்கும். பிரேக் பிடிக்காத காரின் முன் நிற்பவர், அந்தக் காரில் என்ன பூட்டப்பட்டது என்பதை அறியாதவர்.

சட்டமும் சபையும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டு, பதிவுச் சான்றில் இடம்பெற்ற விவரங்களிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரள வழக்கொன்றில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஐயாயிரம் ரூபாய் தண்டமோ, இரண்டுமோ என்று விதித்தது. எனவே பொதுச்சாலையில் ஓடும் காரில் வீட்டிலேயே சூப்பர்சார்ஜர் பொருத்துவது இன்று குற்றம். காரணம் நியாயமானதே.

அதே வேளையில் நமக்கொரு கவலையும் உண்டு. பிரித்துப் பூட்டிக் கற்கும் மரபு முற்றாக அற்றுப்போனால், இத்தனை தொழிற்சாலைகள் சூழ்ந்த மாவட்டத்தில் இன்ஜினை உள்ளும் புறமும் அறிந்த இளைஞர்கள் எங்கிருந்து வருவார்கள்? விடை பந்தயக் களங்களிலும் கல்லூரிப் பட்டறைகளிலும் இருக்கிறது. மாணவர்கள் தாமே கட்டிய கார்களை ஓட்டும் ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகளில், சோதனையாளர்கள் ஒவ்வொரு பகுதியையும் பார்த்த பின்னரே கார் களமிறங்குகிறது. ஆர்வமுள்ள உத்திரமேரூர் இளைஞருக்கு இருங்காட்டுக்கோட்டை தொலைவில் இல்லை. பழைய இன்ஜின் ஒன்றைத் தாங்கியில் நிறுத்தி, சூப்பர்சார்ஜர் பூட்டி, அளவுமானிகளோடு சோதித்துக் கற்பதையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

உத்திரமேரூர்ச் சபையார் 919 இல் இயற்றிய விதிகளை இரண்டே ஆண்டுகளில் திருத்தி எழுதினர் என்பதை நாம் மறக்கலாகாது. அத்திருத்தத்தில் ஒரு விதி மிகத் தெளிவாக உள்ளது: முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைச் செலுத்த விழைபவரும் எரிபொருள், வெப்பம், பிரேக் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே கணக்கு எழுதி, அறிந்தோர் ஒருவரிடம் காட்டிய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.