ஊரடங்குக் கால வீட்டுப் பொழுதுபோக்குகள்

ஊரடங்குக் கால வீட்டுப் பொழுதுபோக்குகள் என்பவை, கோவிட்-19 பெருந்தொற்றைக் கட்டுப்படுத்த 2020, 2021 ஆண்டுகளில் பிறப்பிக்கப்பட்ட ஊரடங்கின்போது மக்கள் வீட்டினுள் இருந்தபடியே மேற்கொண்ட எளிய விளையாட்டுகளையும் கைவேலைகளையும் குறிக்கும். மேலை நாடுகளில் ரொட்டி சுடுதல், படத்துண்டுகளைப் பொருத்துதல் போன்றவை இக்காலத்தில் பரவலாயின. தமிழ்நாட்டில் தாயம், பல்லாங்குழி, ஆடு புலி ஆட்டம் ஆகிய பழைய ஆட்டங்கள் பல வீடுகளில் மீண்டும் ஆடப்பட்டன. இக்கட்டுரை திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியை, குறிப்பாக முதலிபாளையம் போன்ற தொழிற்பேட்டை ஊர்களை, முதன்மையாகக் கொண்டது.

பின்னணி

தமிழ்நாட்டில் 2020 மார்ச் 24 மாலை முதல் 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கிப் பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது. அவ்வாண்டு சூலை, ஆகத்து மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் மாநிலத்தில் முழு ஊரடங்கு இருந்தது. இரண்டாம் அலையின்போது 2021 மே 10 முதல் மீண்டும் முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. சூன் மாதத்தில் பிற மாவட்டங்கள் பெற்ற தளர்வுகளுட் பல, தொற்று மிகுந்திருந்த 11 மாவட்டங்களுக்கு அளிக்கப்படவில்லை. அவற்றுள் திருப்பூரும் ஒன்று.

முதலிபாளையத்தில் சிட்கோ தொழிற்பேட்டையும் பின்னலாடை வடிவமைப்புக் கல்லூரி ஒன்றும் அமைந்துள்ளன. இத்தகைய ஊர்களில் பனியன் நிறுவனத் தொழிலாளர் பலர் 'லைன் வீடு' எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்கின்றனர். ஓர் அறையும் சிறு சமையலிடமும் உள்ள இவ்வீடுகளுக்குக் குழாயும் கழிப்பறையும் பெரும்பாலும் பொதுவானவை. வீட்டிலேயே இருக்குமாறு அரசு கூறியபோது, அவ்வீடு என்பது இரவுத் தூக்கத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மட்டுமே போதுமான இடம் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். மாடித் தோட்டம் இடுவதற்கு அங்கே மாடி இல்லை. தொட்டியொன்றில் வெந்தயக் கீரை விதைப்பதே பெரும்பாலும் இயலக்கூடியது.

ஊதியமற்ற ஓய்வு

பொழுதுபோக்கு என்ற சொல் ஊதியத்துடன் கூடிய ஓய்வையே நினைவூட்டுகிறது. தைத்த உருப்படிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறும் 'பீஸ் ரேட்' தொழிலாளிக்கு வேலையில்லாத நாள் கூலியில்லாத நாளே. ஊரடங்குக் காலத்துக்கு ஊதியத்தைப் பிடித்தம் செய்யாமல் வழங்க வேண்டுமென நடுவண் அரசு 2020 மார்ச் 29 அன்று ஆணையிட்டது. அவ்வாணை மே 18 முதல் செயலற்றுப் போனது. மாநில அரசு அரிசிக் குடும்ப அட்டைகளுக்கு 2020 ஏப்ரலில் 1000 ரூபாயும், 2021 மே, சூன் மாதங்களில் இரு தவணைகளாக 4000 ரூபாயும் வழங்கியது. ஆதலால் செலவில்லாத பொழுதுபோக்குகளே இங்கு நிலைத்தன எனலாம்.

தாயம்

தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் வரைந்தால் தாயம் ஆடலாம். 5 × 5 அல்லது 7 × 7 கட்டங்கள் வழக்கிலுள்ளன. இருவர் முதல் நால்வர் வரை ஆடலாம். பெருக்கற்குறி இட்ட கட்டம் 'மலை' எனப்படும். அங்குள்ள காயை எவரும் வெட்ட முடியாது. பிறர் காயை ஒருமுறையேனும் வெட்டிய பின்னரே உட்சுற்றில் நுழைய முடியும் என்பது பல ஊர்களில் உள்ள விதி. நடுக்கட்டத்தை அடைந்த காய் 'பழம்' ஆகும். காய்களுக்குப் பொத்தான்களைப் பயன்படுத்தலாம். பின்னலாடை ஊர்களில் இவற்றுக்குப் பஞ்சம் இல்லை.

உருட்டுவதற்கு நாற்பக்கத் தாயக்கட்டைகள் இரண்டு வேண்டும். அவற்றின் பக்கங்களில் 0, 1, 2, 3 புள்ளிகள் இருக்கும். இரண்டிலும் புள்ளியற்ற பக்கம் விழுந்தால் 12 எனக் கொள்வர். கட்டை இல்லாதோர் புளியங்கொட்டைகளின் ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் வெண்மை தெரியும்வரை தேய்த்துப் பயன்படுத்துவர். இத்தேய்ப்பு வேலையே சிறுவர்களுக்கு அரைநாள் பொழுதைப் போக்கிவிடும்.

ஆட்டத்தைத் தொடங்க 1, அதாவது தாயம், விழ வேண்டும். இரு கட்டைகளும் விழக்கூடிய 16 வகைகளுள் இரண்டு மட்டுமே தாயம் ஆகும். ஆகவே சராசரியாக எட்டு உருட்டல்களுக்கு ஒருமுறையே அது விழும். 1, 5, 6, 12 ஆகியவற்றுக்கு மறு உருட்டல் உண்டு. இவை நான்கும் சேர்ந்து 16-இல் 6 வகைகள். தாயம் விழாமல் காத்திருப்பவரும் வெட்டுப்பட்டு மீண்டும் தொடங்குபவரும் இருப்பதால் ஓர் ஆட்டம் மணிக்கணக்கில் நீள்வது இயல்பு. பிற நாட்களில் குறையாகக் கருதப்படும் இந்நீளமே ஊரடங்கில் இதன் சிறப்பாயிற்று.

பிற ஆட்டங்கள்

பல்லாங்குழி 14 குழிகளில் இருவர் ஆடுவது. குழிக்கு 5 வீதம் 70 சோழிகளோ புளியங்கொட்டைகளோ இடுவது ஒரு முறை. பலகை இல்லையெனில் தரையில் வட்டங்கள் வரைந்தால் போதும். இதன் உறவு ஆட்டங்கள் ஆப்பிரிக்காவில் பரவலாக ஆடப்படுகின்றன. ஆடு புலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் உண்டு. இதில் உருட்டல் இல்லாததால் வெற்றி முழுவதும் ஆடுவோர் திறமையையே சார்ந்தது.

துணிக் கழிவுக் கைவேலை

பின்னல் துணியை நாடாவாக வெட்டி இழுத்தால் அதன் ஓரங்கள் தாமாகவே சுருண்டு கயிறுபோலாகும். நெய்த துணியைப்போல் எளிதில் பிசிறு விடாது. இத்தகைய நாடாக்கள் மூன்றைச் சடையாகப் பின்னி, சுருளாகச் சுற்றி, அடுத்தடுத்த சுற்றுகளை ஊசியால் இணைத்தால் கால்மிதி ஆகும். இதற்குத் தையல் எந்திரம் தேவையில்லை. வெட்டுக் கழிவு எளிதில் கிடைக்கும் ஊர்களுக்கு இது ஏற்ற கைவேலை. எனினும் நாள் முழுதும் துணியையே கையாள்பவர்கள் இதனை ஓய்வாகக் கருதுவார்களா என்பது ஐயமே.

கைப்பேசி ஆட்டங்கள்

2020-இல் லூடோ கிங் செயலி இந்தியாவில் பெரும் வரவேற்பைப் பெற்றது. லூடோ, இந்தியப் பச்சீசியிலிருந்து உருவாகி 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆட்டம். எனவே தாயத்துக்கும் உறவினது. இச்செயலியைப் பணம் வைக்காமலே ஆடலாம். பணம் வைத்தாடும் இணையச் சீட்டாட்டம் வேறு வகை. அதில் பொருளிழந்தோரின் தற்கொலைகளைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் தடைச் சட்டம் பிறப்பித்தது. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட சட்டத்திருத்தத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஆகத்தில் நீக்கியது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் 2025 ஆகத்தில் நிறைவேறியது.

சிறுவர்கள்

பெரியவர்களுக்கு ஊரடங்கு சில மாதங்களே நீடித்தது; தொழிற்கூடங்கள் படிப்படியாகத் திறந்தன. பள்ளிகள் திறக்கவில்லை. 10, 12 ஆம் வகுப்புகள் 2021 சனவரி 19 அன்றும், 9, 11 ஆம் வகுப்புகள் பிப்ரவரி 8 அன்றும் தொடங்கி, இரண்டாம் அலையில் மீண்டும் நின்றன. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றே திறந்தன. தாயும் தந்தையும் ஷிப்டுக்குச் சென்ற வீட்டில் சிறுவர்கள் ஏறத்தாழ 19 மாதங்கள் பள்ளியின்றி இருந்தனர். கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாயின. இணைய வகுப்புக்குரிய கைப்பேசியோ பெற்றோருடன் வேலைக்குச் சென்றுவிடும். தனித்திருக்கும் சிறுவர்களுக்குத் தேவையானவை நெருப்பும் கத்தியும் பணமும் வேண்டாத ஆட்டங்களே. இவ்வகையில் தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் கூடுதல் பயன் ஒன்றுண்டு: இரண்டிலும் எண்ணிக்கை தவறினால் எதிரில் இருப்பவர் உடனே பிடித்துவிடுவார்.

இவ்விடைவெளியில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய, வீட்டருகே தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் கற்பிக்கும் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பட்டது. பாடல், கதை, விளையாட்டு ஆகியன அதன் கற்பித்தல் முறையில் இடம்பெற்றன.