மருட்கையும் எள்ளலும்

மெய்ப்பாடு எட்டனுள் மருட்கையும் ஒன்று. புதியதைக் காணும்போதும், மிகப் பெரியதையோ மிகச் சிறியதையோ காணும்போதும், ஒன்று வேறொன்றாய் மாறக் காணும்போதும் உள்ளம் கொள்ளும் வியப்பினை அச்சொல்லால் குறித்தார் தொல்காப்பியர். அச்சத்தை அதனின்றும் வேறாக வைத்தார். நகை பிறக்கும் களன்களுள் எள்ளலை முதலாவதாக எண்ணினார். காரணம் விளங்காத நிகழ்ச்சிகளை மக்கள் எங்ஙனம் நோக்கினர், அங்ஙனம் நோக்கிய மக்களைச் செய்தித்தாளும் வானொலியும் தொலைக்காட்சியும் எங்ஙனம் நோக்கின என்று ஆராய்வார்க்கு மருட்கை, அச்சம், எள்ளல் என்னும் இம்மூன்று சொற்களும் கைவிளக்காக உதவும். மக்களிடம் மருட்கையாகத் தோன்றியதை ஊடகம் ஒருகால் அச்சமாக்கிற்று, ஒருகால் எள்ளலாக்கிற்று. மருட்கையை மருட்கையாகவே மதித்து அதன் வழியே காரணம் தேடிய காலங்கள் சிலவே. அச்சிலவற்றின் சுவடுகள் திண்டுக்கல் வட்டாரத்திலும் உண்டு.

பேகம்பூர் அறிந்த செய்தி

1755ஆம் ஆண்டில் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல் கோட்டையின் பொறுப்பை ஏற்றவர் ஹைதர் அலி. அவருடைய உடன்பிறந்தாளாகிய அமீருன்னிசா பேகம் அடக்கம் செய்யப்பெற்ற இடமே பேகம்பூர் என்றும், அப்பெயர் அவரால் வந்தது என்றும் ஊரார் வழிவழியாகக் கூறுவர். பள்ளிவாசலைச் சூழ்ந்து வாழும் இப்பகுதி மக்களுக்குக் கிரகணம் பற்றிய ஒரு பழஞ்செய்தி புதிதன்று. நபிகள் நாயகத்தின் இளமகன் இப்ராகீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அக்குழந்தையின் பிரிவுக்காகவே வானம் இருண்டது என மக்கள் பேசிக்கொண்டனர். தம் பெருமைக்கு ஆக்கமாகக்கூடிய அப்பேச்சினை நாயகம் ஏற்றுக்கொள்ளவில்லை. எவருடைய பிறப்பிற்காகவும் இறப்பிற்காகவும் ஞாயிறும் திங்களும் மறைவதில்லை என்று கூறி மக்களைத் தொழுகைக்கு அழைத்தார். பேசிய மக்களை அவர் எள்ளவுமில்லை. வானை அஞ்சச் சொல்லவுமில்லை. வதந்தி நீங்கிற்று, வியப்பு தொழுகையாய் நின்றது.

மக்களை மதித்த வானியலார்

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையிலும் இத்தகைய நோக்குடைய ஒருவரைக் காண்கிறோம். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867ஆம் ஆண்டில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பரில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்து செல்லவிருந்தபோது, அதனை விளக்கும் சிறுநூல் ஒன்றை உரையாடல் வடிவில் எழுதி, இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவரச் செய்தார். ஐயம் வினவுவோர்க்கு அந்நூலில் இடம் உண்டு. வினவுவோர் அறிவிலி அல்லர் என்ற கொள்கையே உரையாடலைத் தேர்ந்ததன் உட்பொருள் எனலாம்.

சென்னையின் வானாய்வுப் பணி பின்னர்க் கொடைக்கானல் மலைக்குப் பெயர்ந்தது. இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள அச்சூரிய ஆய்வகம் 1899ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. சூரியப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்ஷெட் அங்கிருந்தே கண்டறிந்தார். ஒருபால் கிரகணத்தன்று கதவடைக்கும் சமவெளி. மறுபால் நாள்தோறும் கதிரவனைப் படமெடுக்கும் மலை. இவ்விரண்டையும் இணைத்துப் பேசும் பொறுப்பு ஊடகத்தினுடையது.

அச்சமாகிய மருட்கை

அப்பொறுப்பு தவறிய நாள் 1980 பிப்ரவரி 16. கருநாடகம், ஆந்திரம், ஒடிசா வழியே முழுச் சூரிய கிரகணம் கடந்தது. வெறுங்கண்ணால் நோக்கின் பார்வை கெடும் என்ற எச்சரிக்கை உண்மையே. ஆயின் பாதுகாப்பாக நோக்கும் வழியைக் கூறுவதைவிட, நோக்காதிருக்குமாறு கூறும் குரலே மேலோங்கிற்று. நகரத் தெருக்கள் வெறிச்சோடின. மக்களை வீட்டினுள் இருத்தும் பொருட்டுத் தூர்தர்ஷன் அன்று பிற்பகல் ‘சுப்கே சுப்கே’ என்னும் இந்தித் திரைப்படத்தை ஒளிபரப்பிற்று. இராகு விழுங்குகிறான் என்ற பழங்கதையும், கண் கெடும் என்ற புதிய அறிவுரையும் கதவைச் சாத்துக என்னும் ஒரே ஆணையைப் பிறப்பித்தன.

எள்ளலாகிய மருட்கை

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி தில்லியில் வைகறையிலேயே பரவிற்று. தொலைபேசி வழியே சில மணி நேரத்தில் நாடெங்கும், கடல் கடந்து இலண்டன் வரையிலும் சென்றது. கரண்டிப் பாலுடன் மக்கள் வரிசையில் நின்றனர். அன்றே மைய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையினர் பாலில் வண்ணம் கலந்து சோதித்தனர். கரண்டியின் விளிம்பு துதிக்கையைத் தொட்டவுடன் பரப்பு இழுவிசையால் பால் வெளியே இழுக்கப்பட்டு, மெல்லிய படலமாய்ச் சிலையின்மீது வழிந்தோடுவதை வண்ணம் காட்டிக் கொடுத்தது.

எளிய, அழகிய விளக்கம் அது. ஆயினும் அற்புதம் பெற்ற இடத்தை அது பெறவில்லை. முதலில் பரபரப்பை வளர்த்த பக்கங்களிலேயே பின்னர் மக்களின் பேதைமை பற்றிய ஏளனமும் இடம்பெற்றது. வரிசையில் நின்றவரை நகைத்துவிட்டு அவர் செவியில் விளக்கம் ஏறும் என எதிர்பார்த்தல் எங்ஙனம்? எள்ளப்பட்ட உள்ளம் முதலில் தன்மானத்தையே காக்க முனையும். 2006 ஆகத்து மாதத்தில் வடநாட்டில் அதே பால் வதந்தி மீண்டும் எழுந்தது ஈண்டு எண்ணத்தக்கது.

வேறு வழியும் அவ்வாண்டிலேயே தென்பட்டது. செப்டம்பர் 21க்குப் பின் 33ஆம் நாளாகிய அக்டோபர் 24இல் வட இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. 1980இல் திரைப்படம் காட்டிய அதே தூர்தர்ஷன் இம்முறை கிரகணத்தையே நேரலையில் காட்டியது. 

திண்டுக்கல் கண்ட வளையம்

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணியளவில் கங்கணக் கிரகணத்தின் பாதையில் திண்டுக்கல் அமைந்தது. அதே நிழல் கடல் கடந்து யாழ்ப்பாணத்தையும் தொட்டது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முதலிய அமைப்புகள் பல ஊர்களில் வடிகட்டிக் கண்ணாடிகளுடன் மக்களை வானைப் பார்க்க அழைத்தன. கோயில்கள் பல நடை சாத்தின. பள்ளிவாசல்களில் கிரகணத் தொழுகை நடந்தது.

அதே வேளையில் தட்டு நீரில் உலக்கை நிமிர்ந்து நிற்கும் காட்சியும் செய்தியாயிற்று. 2020 ஜூன் கிரகணத்தின்போதும் அவ்வாறே ஆயிற்று. கிரகணம் விலகியதும் உலக்கை விழும் என்பது நம்பிக்கை. அடி தட்டையான உலக்கை, ஈர்ப்பு மையம் அடிப்பரப்பிற்கு நேர்மேலே அமையுமாயின், எந்த நாளிலும் நிற்கும். இதனைத் தேற ஆய்வகம் வேண்டுவதில்லை. உரலில் இடித்துப் பழகிய கையே போதும். ‘நாளையும் நிறுத்திப் பாருங்கள்’ என்னும் ஒரு வரியைச் செய்தியுடன் சேர்ப்பின், வீட்டுப் பெண்டிரே ஆய்வாளராவர். உலக்கையை வியந்து மட்டும் எழுதுவதும், அதனை நிறுத்தியவரை நகைத்து மட்டும் எழுதுவதும் அந்த ஒரு வரியை அவர்களிடமிருந்து பறிப்பனவாகும்.

நிறைவாக

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் கவிஞர்க்கு இவ்வரலாறு புறம்பானதன்று. மருட்கை கவிஞரின் முதற்பொருள். காரணம் தெரிந்தபின் வியப்பு அழியும் என்ற அச்சம் கவிஞரிடம் இருத்தல் வேண்டா. பாலின் படலம் கல்லில் வழியும் நுட்பமும் வியப்பே. 2031 மே 21இல் கேரளத்தையும் தென் தமிழகத்தையும் மற்றுமொரு கங்கணக் கிரகணம் கடக்கவுள்ளது. அன்று உலக்கைகள் மீண்டும் நிற்கும். செய்திகள் மீண்டும் எழும். அவற்றினிடையே, நிறுத்தியவரின் மதிப்புக் குன்றாமல் மறுநாளும் நிறுத்திப் பார்க்கத் தூண்டும் ஒரு சொல்லைத் தமிழில் படைத்துத் தருதல் கவிஞர் கடனாகும்.