எண்ணெய் படிந்த சிறகுகளும் எண்ணூர்க் கரையும்

சென்னையில் கடலாமைகளைக் காக்கும் தன்னார்வப் பணிக்கு ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. 1970-களின் முற்பாதியில் ரோமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணையைச் சுற்றித் திரண்ட இளைஞர்கள் இரவெல்லாம் கடலோரம் நடந்தார்கள். பங்குனி ஆமை இட்டுவிட்டுப் போன முட்டைகளை நாய்க்கும் நரிக்கும் முந்தி எடுத்து, வேலியிட்ட மணலில் புதைத்துப் பொரிக்கவைத்தார்கள். 1988-ல் மாணவர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கி அந்தப் பொறுப்பை ஏற்றார்கள்; இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறார்கள். ஆனால் அவர்கள் நடப்பது பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அப்படியொரு மரபு ஏன் வேரூன்றவில்லை? வடசென்னைக்காரர்களுக்கு அந்த அக்கறை குறைவு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது உண்மையில்லை. காரணம் மனத்தில் இல்லை, மணலில் இருக்கிறது.

நம் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மதராஸ் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் ராயபுரம் தொடங்கிக் கரை அரிக்கப்பட்டது. குப்பங்கள் கடலுக்குப் போயின. மிஞ்சியதைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். பாறைமேல் ஏறி ஆமை முட்டையிடாது. ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஒரு பருவம்தான் தென்சென்னைத் தன்னார்வலர்களைக் கட்டிவைத்தது. அந்தப் பருவத்துக்கு வேண்டிய மணலையே வடசென்னை இழந்துவிட்டது. பிறகு 1969-ல் மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம், 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இங்கே உயிர்களைக் காக்கும் வேலை பருவம் பார்த்து வரவில்லை, விபத்தோடு வந்தது.

2017 ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிவு பெரிதில்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. எர்ணாவூர்ப் பாறைகளில் தாராய்க் கெட்டியான எண்ணெய் வந்து ஒட்டியபோது, மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் கடலோரக் காவல்படையினரும் வரிசையில் நின்று வாளியால் அதை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்துக்குள் இறங்கியது. வலையும் படகும் வீட்டுச்சுவரும் கறுத்தன. கூழைக்கடாக்கள் மார்பும் சிறகும் கறுத்துப் பறந்தன. இம்முறையும் எண்ணெயை அள்ளியவை பெரும்பாலும் காட்டுக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர் கைகள்தான். அவர்களில் பலருக்குத் தொடக்கத்தில் கையுறைகூட இல்லை. பறவைகளைப் பிடிக்க வனத்துறையும் விலங்கு மருத்துவர்களும் அலைந்தார்கள். பறக்கத் தெம்புள்ள பறவை கையில் சிக்காது. தெம்பு போனபின் சிக்குவதைப் பிழைக்கவைப்பது அரிது: எண்ணெய் பட்ட சிறகு நீரைத் தடுக்காது, அலகால் கோதக் கோத நஞ்சு வயிற்றுக்குள் போகும்.

ஆகவே என் வாதம் இது: வடசென்னையில் ஒருபோதும் ஆளுக்குப் பஞ்சமில்லை, வந்த ஆட்களைத் தாங்கிக்கொள்ள நிரந்தர மீட்பு நிலையம்தான் இல்லை. இதன் விலை என்ன என்பதைத் தென்னாப்பிரிக்கா காட்டுகிறது. கேப் டவுன் அருகே 2000 ஜூனில் டிரெஷர் என்ற கப்பல் மூழ்கி எண்ணெய் கசிந்தபோது, ஏறத்தாழ 19,000 பென்குயின்கள் எண்ணெயில் நனைந்தன. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அவற்றைக் கழுவி, வாயில் மீனூட்டி வளர்த்தார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் உயிரோடு கடலுக்குத் திரும்பின. அங்கே மக்களின் மனம் நம்மவர்களைவிடப் பெரிது என்பதல்ல. 1968-லிருந்தே கடற்பறவைகளுக்கென்று அங்கே ஓர் அமைப்பு இயங்கிவந்தது. வெதுவெதுப்பான நீரில் எந்தச் சோப்பைக் கலப்பது, அலகை எப்படிப் பிடிப்பது, எத்தனை நாள் கழித்து நீரில் விடுவது என்பதெல்லாம் விபத்துக்கு முன்பே சிலருக்குக் கைப்பழக்கமாகியிருந்தது. புதிதாக வந்தவர்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டார்கள். எண்ணூரில் 2017-ல் அள்ளிய கைகள் பெற்ற அனுபவமோ, 2023-ல் யாருக்கும் பயிற்சியாக வந்துசேரவில்லை.

மனிதர்களே தொழிலிழந்து நிற்கும்போது கூழைக்கடாவுக்கு நிலையமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எண்ணெய் பரவாமல் மறிக்கும் மிதப்புத் தடுப்பு, முகக்கவசம், கையுறை, கழிமுகத்தின் ஆழம் அறிந்த படகோட்டி என்று பறவைக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி இறாலையும் மடவையையும் நம்பி வாழ்பவருக்கும் வேண்டியதே. நிலையத்தின் வேலையை மீனவர்களுக்குச் சம்பளத்தோடு கொடுத்தால், நாளை வெறுங்கையோடு எண்ணெயில் இறங்கவேண்டிய கதி அவர்களுக்கு இராது. கூலி வாங்குவதால் அது சேவை இல்லையென்று ஆகிவிடாது. கூலியே இல்லாமல் ஒரு வாரம் உழைக்க வசதியுள்ளவர்களை மட்டும் தன்னார்வலர் என்று எண்ணிப் பழகிவிட்டோம்.

மீனவர் வலையில்தானே ஆமைகள் சாகின்றன என்பார்கள் வேறு சிலர். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதை மறைக்க முடியாது; காசிமேட்டு விசைப்படகுகளும் இதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கரையை ஒட்டி இழுவை மடி போடும் படகும், கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் குடும்பமும் ஒன்றல்ல. எண்ணெயை அள்ளியவர்களில் இரண்டாமவர்களே மிகுதி.

கசிவைத் தடுப்பதை விட்டுவிட்டுக் கழுவும் தொட்டி கட்டுவது கண்துடைப்பு என்ற மறுப்புத்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. போர்னியோவில் 1964-ல் தொடங்கிய செபிலோக் மையம் தாயிழந்த ஒராங்குட்டான் குட்டிகளை வளர்த்துக் காட்டுக்குப் பழக்குகிறது. ஒட்டினாற்போல் ஒரு காப்புக்காடு இருப்பதால்தான் அது முடிகிறது. காடு அழிந்த இடங்களில் வளர்ந்த குட்டிகள் விட இடமின்றிக் கூண்டிலேயே தங்கிவிடுகின்றன. கொசஸ்தலைக்கும் இது பொருந்தும். அனல்மின் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த ஆற்றில், கழுவித் தேற்றிய பறவையை விட்டு என்ன பயன்? அதனால் நிலையம் வரும்போது, ஆலைகளின் வடிகால்களைப் புயலுக்கு முன் திறந்து பார்க்கும் உரிமையும் அதோடு வரவேண்டும். அப்படிப் பார்க்கும் குழுவில் கழிமுகத்து ஊர்களின் ஆட்கள் இருக்கவேண்டும், ஏனென்றால் தண்ணீரின் நிறம் மாறுவதை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.