பாத்ர மாத வெயில்: பூசணத்திற்கு ஒரு சிறு வரலாறு

கொல்கத்தாவில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில், துர்கா பூசை விடுமுறைக்கு முன் அலமாரியைத் திறந்தபோது, இரண்டு களக்குறிப்பேடுகள் பூசணம் பூத்து ஒட்டிக்கிடந்தன. ஓராண்டு உழைப்பின் பெரும்பகுதி அவற்றில் இருந்தது. வீட்டுக்கார அம்மையார் பார்த்துவிட்டு, 'பாத்ரத்தில் வெயில் காட்டவில்லையா?' என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நெடிய வரலாறு உண்டு.

பாத்ரம் என்பது நம் ஆவணி. ஆஷாட, சிராவண மழைக்குப் பின் மேகம் விலகிக் கடும் வெயில் அடிக்கும் மாதம். வங்காள இல்லங்களில் பட்டுச் சேலைகள், மெத்தைகள், புத்தகங்கள் எல்லாம் அப்போது மொட்டைமாடிக்கு ஏறும். நன்கு காய்ந்தபின் வேப்பிலையோ கருஞ்சீரக முடிச்சோ இட்டு மீண்டும் அடுக்கப்படும். இவ்வுழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. ஆவணக் காப்பகங்களில் இதற்குத் தனிக் கோப்பு கிடைப்பது அரிது.

காப்பகத்தில் கிடைப்பது வேறொன்று. காலரா ஆய்வுக்காக இந்தியா வந்த மருத்துவர் டேவிட் டக்ளஸ் கன்னிங்காம், 1873இல் கொல்கத்தாவில் 'காற்றின் நுண்ணோக்கி ஆய்வுகள்' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். தீய காற்றே நோய்க்குக் காரணம் என்று பலர் நம்பிய காலம் அது. சிறைச்சாலைகளை ஒட்டிக் காற்றுத் தூசியைக் கண்ணாடித் தகட்டில் சேகரித்து, அதிலிருந்தவற்றை எண்ணிப் படம் வரைந்தார். பூஞ்சை வித்துகள் காற்றில் எப்போதும் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை உயிருள்ளவை. ஈரத்தால் அவற்றின் எண்ணிக்கை குறைவதில்லை. காலரா முதலிய நோய்களோடு அவ்வெண்ணிக்கைக்குத் தொடர்பு தெரியவில்லை என்பன அவர் முடிவுகள்.

நோயைத் தேடிய அவ்வாய்வு, வீட்டுப் பூசணத்திற்கும் ஒரு விடை தருகிறது. வித்துகளை வீட்டைவிட்டு வெளியேற்ற இயலாது. நம் கைவசம் இருப்பது ஈரம் ஒன்றே. பாத்ர மாத வழக்கம் செய்ததும் அதுதான்: பூசணத்தைக் கொல்ல முயலாமல், அது வளரத் தேவையான ஈரத்தை நீக்கியது. பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுர்க்கிப் பூச்சு ஈரத்தை வெளிவிட்டது. முற்றமும் சாய்பலகைச் சன்னல்களும் காற்றை ஓடவிட்டன. அவ்வீடுகள் குறையற்றவை அல்ல. நிலத்தடி ஈரம் அவற்றின் செங்கற்களிலும் ஏறியது. ஆனால் அதே சுவர்மேல் சிமெண்டும் பிளாஸ்டிக் வண்ணமும் பூசும்போது ஈரம் உள்ளேயே சிறைப்படுகிறது. கறையை மறைக்க மறுபடியும் வண்ணம் அடிக்கிறோம். அடுத்த மழையில் கறை திரும்புகிறது.

மொழியியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். வங்காளியில் பூசணம் 'சாத்தா' (குடைக்கும் அதே சொல்). சுவரில் பூக்கும் உப்பு 'நோனா'. தமிழிலும் பூசணம், ஓதம், உப்புப் பூத்தல் என மூன்றும் வெவ்வேறு. இன்று இரு மொழியினரும் எல்லாவற்றையும் 'டேம்ப்' என்கிறோம். உப்புக்கும் பூசணத்துக்கும் செய்யவேண்டியவை வேறு. சொல் ஒன்றானபோது நோய்நாடலும் மங்கியது.

உங்கள் வட்டாரத்தில் இவற்றுக்கு என்ன சொற்கள்? எந்த மாதத்தில் பொருள்களை வெயிலில் காட்டுவார்கள்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். இம்முறை குறிப்பேட்டை வெயிலில் காயவைத்துப் பாதுகாப்பேன்.