முதலில் அமர்ந்த இருக்கை

குதிரைகளுக்கும் வமிசாவளி எழுதிவைத்த மக்கள் உண்டு. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த கூஃபா நகரத்து அறிஞர் ஹிஷாம் இப்னுல் கல்பீ, அரபுக் குலங்களின் வழிமுறைகளைத் தொகுத்ததோடு நிற்கவில்லை. குதிரைகளின் வழிமுறையைக் கூறும் "அன்ஸாபுல் கைல்" என்னும் நூலையும் எழுதினார். இன்ன குதிரை இன்ன குதிரையின் வழியில் வந்தது, அதில் இன்னார் ஏறினார் என்று பெயர் பெயராகப் பதிவு செய்தார். அரபு, பாரசீகக் கரைகளின் குதிரைகள் பின்னாளில் நம் காயல் துறைமுகத்திலும் வந்திறங்கின. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அவ்வாணிகத்தைப் பற்றி எழுதியுள்ளார்.

குதிரை போய்க் கார் வந்தது. ஆயினும், ஏறிச் செல்லும் ஒன்றின் குலப்பெருமையைப் பேசும் வழக்கம் போகவில்லை. "நாங்கள் அம்பாசிடர் வீட்டார்" என்றும், "ஃபியட்டுக்கு நிகர் ஃபியட்தான்" என்றும் வாதாடிய பெரியவர்களை நம்மில் பலர் அறிவோம். இந்தப் பற்று ஒருவர் உள்ளத்தில் முதன்முதலாக எப்படித் தோன்றுகிறது? எஞ்சினின் வலிமை, பெட்ரோல் சிக்கனம், உறுதியான உடல் என்று அவர்கள் காரணங்களை அடுக்குவர். ஆனால், இந்த நாட்டுக் கார்களின் வரலாற்றைப் பார்க்கும்போது வேறொன்று புலப்படுகிறது. பற்றுத்தான் முதலில் பிறக்கிறது. காரணங்கள் பின்னர் தேடிச் சேர்க்கப்படுகின்றன.

மூன்றே கார்கள்

சுதந்திரத்திற்கு முன்னர் இந்தியச் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் அமெரிக்க, ஆங்கிலேயக் கார்கள். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் பாகங்களைக் கப்பலில் வரவழைத்து இங்கே பூட்டி விற்றன. உள்நாட்டிலேயே படிப்படியாகப் பாகங்களைச் செய்யும் திட்டம் உடையவர்களுக்கே இனி இடம் என்று 1953-இல் அரசு முடிவு செய்தபோது அவ்விரு நிறுவனங்களும் வெளியேறின. எஞ்சி நின்ற கார்த் தொழிற்சாலைகள் மூன்று.

முதலாவது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். 1942-இல் பி.எம். பிர்லா குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கி, 1948-இல் வங்காளத்தின் உத்தர்பாராவுக்கு மாற்றியது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் அமைப்பைப் பெற்று, 1957-இல் அம்பாசிடரை வெளியிட்டது இந்நிறுவனம்தான். இரண்டாவது, 1944-இல் வால்சந்த் ஹீராசந்த் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். பம்பாயின் குர்லாவில் இருந்த இத்தொழிற்சாலை இத்தாலியின் ஃபியட் 1100 காரை 1954 முதல் தந்தது. அதே வழியில் வந்த கார்தான் 1974 முதல் பிரீமியர் பத்மினி என்ற பெயரைத் தாங்கியது. மூன்றாவது நம் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார். ஆங்கிலேய ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய இது, 1961 முதல் ஹெரால்டு காரைச் செய்து வந்தது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஓர் இந்தியக் குடும்பம் புதிய கார் வாங்க எண்ணினால் அதற்கிருந்த வழிகள் அநேகமாக இம்மூன்றே. நாடு முழுவதிலும் ஆண்டுக்குச் சில பத்தாயிரம் கார்களே உற்பத்தியாயின. இவ்வளவு குறுகிய சந்தையில் பற்று வளர இடம் ஏது என்று கேட்கத் தோன்றும். வியப்பு யாதெனில், பற்று மிக ஆழமாக வேர் பிடித்தது இங்கேதான்.

ஊரும் பட்டறையும்

அந்த வேர்களுள் முதலாவது ஊர். பம்பாயில் வளர்ந்த பிள்ளை கண் விழித்ததே ஃபியட்டில். குர்லாவில் செய்த அந்தச் சிறிய கார், கறுப்பும் மஞ்சளும் பூசிய டாக்ஸியாக அந்நகரை நிறைத்தது. கல்கத்தாவில் பிறந்தவனுக்கோ டாக்ஸி என்றால் மஞ்சள் அம்பாசிடர். அது செய்யப்பட்ட உத்தர்பாரா ஹூக்ளி நதிக்கரையில் அந்நகரத்திற்கு அருகிலேயே இருந்தது. தமிழகத்தின் சிற்றூர்களில் "பிளஷர்" என்று மக்கள் அழைத்த வாடகைக் கார் பெரும்பாலும் அம்பாசிடர். உயரமான அடிப்பாகமும் அகன்ற இருக்கைகளும் மேடுபள்ளமான மண் சாலைக்கும் பெரிய குடும்பங்களுக்கும் பொருந்தின.

இரண்டாவது வேர் பட்டறை. அந்நாளில் கார் வாங்கியவர் நிறுவனத்தை நம்பி வாங்கவில்லை; தெருக்கோடி மெக்கானிக்கை நம்பி வாங்கினார். அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினையும், ஃபியட்டின் 1089 சி.சி. எஞ்சினையும் எளிய கருவிகளைக் கொண்டு மரத்தடியிலேயே பிரித்து மாட்ட முடிந்தது. கோடையில் பெட்ரோல் சூடேறி ஆவியாகி வண்டி நின்றுவிட்டால், பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது ஓட்டுநர்கள் எல்லாரும் அறிந்த வைத்தியம். ஹெரால்டு வைத்திருந்தவர்கள், அதன் முன்புறம் முழுவதும் ஒரே மூடியாகத் தூக்கித் திறப்பதைப் பெருமையோடு காட்டுவர். இப்படி ஒரு வண்டியின் உடலமைப்பை அறிந்து, அதன் நோயையும் மருந்தையும் பழகிவிட்டவர் வேறு வண்டிக்கு மாற மனம் ஒப்பார். பழக்கத்தினால் விளையும் இந்த இணக்கத்தை அரபு மொழியில் "உல்ஃபத்" என்பர்.

மூன்றாவது வேர் காத்திருத்தல். கார்களை வரிசைப்படியே வழங்கவேண்டும் என 1959-இல் அரசு ஆணை பிறப்பித்தது. 1969-இல் விற்பனை விலையையும் அரசே வகுத்தது. அதை எதிர்த்து உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971-இல் தீர்ப்பு வழங்கியது. பெயர் பதிந்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தனர் மக்கள். புதிய காரைவிடப் பழைய கார் அதிக விலைக்குப் போன விந்தையும் நிகழ்ந்தது. பள்ளியில் படிக்கும் மகனுக்காகப் பதிந்து வைத்தால் அவன் வேலைக்குப் போகும்போது வண்டி வந்து சேரும் என்று கேலி பேசினர். அத்தனை காலம் காத்துப் பெற்ற ஒன்றைக் குறை கூற யாருக்கு மனம் வரும்? குறை கூறினால், வீணாகக் காத்திருந்தோம் என்று தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா!

ஒரு பயணம்

இதை எழுதுகிறவனும் இப்பற்றுக்கு விலக்கானவன் அல்லன். என் வாப்பா வளைகுடா நாட்டுக்குப் பயணம் புறப்பட்ட நாளில், வாடகைக்குப் பேசிய ஓர் அம்பாசிடரில் எங்கள் குடும்பமே சென்னைக்குச் சென்றது. முன்னிருக்கையில் ஓட்டுநரோடு வாப்பாவும் பெரியப்பாவும். வாப்பாவின் மடியில் நான். பின்னிருக்கையில் உம்மாவும், பாட்டியும், மாமியும், அவர்கள் மடிகளில் பிள்ளைகளும். மேலே கேரியரில் கயிறு கட்டிய பெட்டி. ஸ்டியரிங்கின் கீழே நீண்டிருந்த கியர்க் கம்பியை ஓட்டுநர் மேலும் கீழும் அசைப்பதை இமைக்காமல் பார்த்துக்கொண்டே போனேன். திரும்பி வரும்போது அதே இருக்கையில் நான் தனியே அமர்ந்திருந்தேன். வழிநெடுக உம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. மூன்றாண்டுகள் கழித்து வாப்பாவை அழைத்து வந்ததும் ஓர் அம்பாசிடரே.

என் மாமா பம்பாயில் தொழில் செய்தவர், உறுதியான ஃபியட்காரர். "மருமகனே, உன் அம்பாசிடரில் ஹாரனைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும்" என்று ஊருலகம் அறிந்த கேலியைப் பெருநாள் தோறும் எடுத்துவிடுவார். "உங்கள் ஃபியட்டில் பத்துப் பேர் ஏற முடியுமா மாமா?" என்று நான் கேட்பேன். இந்த வழக்கு எங்களுக்குள் முப்பது ஆண்டுகள் நடந்தது, ஒருவரும் தோற்கவில்லை. மாமா ஒருநாள்தான் உண்மையைச் சொன்னார். பதினேழு வயதில், மொழி தெரியாமல், கையில் ஒரு முகவரிச் சீட்டோடு பம்பாயில் வந்திறங்கிய இரவில் அவரை ஏற்றிக்கொண்டு போய், வீட்டைத் தேடிக் கதவைத் தட்டிவிட்டுச் சென்றவர் ஒரு ஃபியட் டாக்ஸிக்காரர். நாங்கள் அத்தனை ஆண்டுகளும் எஞ்சினைப் பற்றிப் பேசவே இல்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

இப்னு கல்தூன் கண்ட உண்மை

துனிஸ் நகரில் 1332-இல் பிறந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், தம் "முகத்திமா"வில் மனிதக் கூட்டங்களைப் பிணைக்கும் பற்றுக்கு "அஸபிய்யா" என்று பெயரிட்டார். அது இரத்த உறவால் மட்டும் உண்டாவதன்று. சேர்ந்து பழகுவதாலும், ஒன்றாக வளர்வதாலும், வாழ்விலும் துயரிலும் உடனிருப்பதாலும் உண்டாகும் என்பது அவர் கருத்து. ஆட்சிகளை ஆராய்ந்து அவர் கண்ட உண்மை கார்களுக்கும் பொருந்துகிறது. உடனிருந்த பொருளை மனிதன் தன் உறவாக எண்ணிவிடுகிறான்.

அவர் மற்றொன்றும் கூறினார். ஒரு வீட்டின் பெருமை நான்கு தலைமுறைகளில் தேய்கிறது. முதலாமவர் உழைத்துப் பெருமையைக் கட்டுகிறார். இரண்டாமவர் அந்த உழைப்பைக் கண்ணால் கண்டவர். மூன்றாமவர் கேட்டதைப் பின்பற்றுகிறவர். நான்காமவரோ அப்பெருமை தமக்குப் பிறப்பிலேயே உரியது என்று நம்பி, அதைக் காக்கும் உழைப்பைக் கைவிட்டு இழக்கிறார்.

நம் கார்த் தொழிற்சாலைகளின் கதையும் இதுவே. அம்பாசிடர் இரண்டாம், மூன்றாம், நான்காம் மார்க்குகளாக வெளிவந்தபோது முன்புற வலையும் விளக்குகளும் மாறின. உடல் 1957-இல் கண்ட உடலாகவே நின்றது. பத்மினியும் 1960-களின் உருவத்தை விட்டு நகரவில்லை. ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985-இல் வெளியிட்ட "2000" என்னும் கார், நவீனமான ரோவர் உடலுக்குள் பழைய வேன்கார்டு வழிவந்த எஞ்சினைத் தாங்கி வந்தது. 1988-இல் அதன் கதை முடிந்தது. தொழில்நுட்பமும் அந்நியச் செலாவணியும் கிடைக்காத நிலைமைக்கு அரசின் கட்டுப்பாடுகளும் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், எது செய்தாலும் மக்கள் வாங்குவர் என்ற உறுதி உள்ளே புகுந்துவிட்ட வீட்டில் சீர்திருத்தம் எளிதில் புகாது.

1983-க்குப் பின்

1983 டிசம்பர் 14-இல் பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800 காரின் சாவியை அதை வாங்கியவரிடம் வழங்கினார். ஜப்பானின் சுசுகி நிறுவனத் துணையோடு குர்கானில் செய்யப்பட்ட, 796 சி.சி. கொண்ட சிறிய கார் அது. முப்பது ஆண்டுகள் ஃபியட்டா, அம்பாசிடரா என்று வழக்காடிய குடும்பங்களே புதிய காருக்கு வரிசையில் நின்றன. அவர்களுடைய பற்றுப் பொய்யா? அன்று. பழைய வண்டியின் மீது அன்பு இருந்தது. ஆனால், அடுத்த வண்டி எது என்பதை அந்த அன்பு முடிவு செய்யவில்லை. அதுவரை அன்பும் தேவையும் ஒரே வீட்டில் குடியிருந்ததால் இரண்டையும் ஒன்றென்று உற்பத்தியாளர்கள் எண்ணிவிட்டனர். வேறு வழி திறந்ததும் இரண்டும் பிரிந்தன.

இதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. 1980-களின் இறுதியில் பிறந்த பிள்ளைகள் தந்தையின் மடியில் முதலில் அமர்ந்தது மாருதியில். பள்ளிக்கும், திருமணத்திற்கும், மருத்துவமனைக்கும் அவர்களை ஏற்றிச் சென்றது அதுவே. அம்பாசிடர் அன்று இழந்தது வாடிக்கையாளர்களை மட்டுமன்று; வருங்கால வழக்கறிஞர்களையும் இழந்தது. மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றபோது அந்தத் தலைமுறை வருந்தியது, நாம் அம்பாசிடருக்காக வருந்தியது போலவே.

1980-களின் நடுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 24,000 விற்ற அம்பாசிடர், இறுதியாண்டில் 2,200 அளவிற்குச் சுருங்கியது. 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது. 2017-இல் அம்பாசிடர் என்னும் பெயர் மட்டும் பிரெஞ்சு நாட்டுப் பெஜோ குழுமத்திற்கு 80 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஒரு காலத்தில் மக்கள் அப்பெயர்மீது வைத்திருந்த அன்பின் விலை என்று இதனைக் கொள்ளலாம். இருபதாண்டு வயது வரம்பு நிறைவுற்றதால், 2023 அக்டோபர் இறுதியில் மும்பைச் சாலைகளிலிருந்து கடைசிப் பத்மினி டாக்ஸியும் விடைபெற்றது. ஒரு வண்டியையேனும் காட்சிக்கு வைத்துக் காக்கவேண்டும் என்று டாக்ஸிக்காரர்களின் சங்கம் அரசைக் கேட்டுக்கொண்டது.

அந்தச் செய்தியை நாளிதழில் படித்தபோது மாமா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் நான் அன்று அவரிடம் தோற்றிருப்பேன், வேண்டுமென்றே தோற்றிருப்பேன்.

பற்றுக் கொள்வது குற்றமன்று. தன்னைச் சுமந்த ஒன்றை மறவாமை நன்றியின் ஒரு வகையே. ஆனால், குறை கண்டும் கூறாத அன்பு, அன்புக்குரியதையே கெடுத்துவிடும். அரசர்க்கு இடித்துரைக்கும் துணை வேண்டும் என்றனர் நம் முன்னோர். அம்பாசிடரின் அன்பர்களாகிய நாங்கள் அதன் குறைகளைக் கேலிக்கதைகளாக்கிச் சிரித்தோமே அன்றி, கேட்கவேண்டிய இடத்தில் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்களும் செவி சாய்க்கவில்லை.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகளும், "நம் காரே சிறந்தது" என்று நண்பர்களோடு வாதாடுகின்றனர். மைலேஜையும் குதிரைத்திறனையும் மனப்பாடமாக ஒப்பிக்கின்றனர். அவர்களை மறுக்கவேண்டா. "நீ முதன்முதலாக அதில் யாரோடு போனாய்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.