கோடைக்கானலும் கூதிர்ப் பருவமும்

தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்திற்குரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் வகுத்துரைக்கின்றது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. அகப்பொருள் பயிலும் மாணவர் இவ்வரையறையை மனனம் செய்துவிட்டு அப்பால் செல்வதே வழக்கமாகிவிட்டது. களவொழுக்கத்தில் தலைவன் இரவில் வரும் வழியின் அருமையை மழையும் இருளும் பனியும் புலப்படுத்தும் என்ற அளவில் விளக்கமும் நின்றுவிடுகின்றது. இது கவிதை மரபு மட்டும்தானா, மலையின் வானிலையை உற்று நோக்கியோர் கண்ட உண்மையும் இதனுள் அடங்கியுள்ளதா என்ற வினா எழுவதில்லை. அவ்வினாவிற்கு விடை தேடப் பழனிமலைத் தொடரின் மேல் ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் அமைந்த கோடைக்கானல் மிக ஏற்ற ஊராகும்.

ஊர்ப்பெயரே ஒரு சிக்கலைத் தொடக்கி வைக்கின்றது. கொடிகள் மிகுந்த கானல் என்பர் சிலர். காட்டின் கோடி என்பர் வேறு சிலர். வேனிற்காலத்திற்கு ஏற்ற ஊர் ஆதலின் இப்பெயர் பெற்றது என்பதே இன்று மக்கள் வழக்கில் நிலைத்துள்ள விளக்கம். ஆயின் கோடைமலை என்னும் பெயர் சங்கப் பாடல்களிலேயே உள்ளது. அதன் தலைவனான கடியநெடுவேட்டுவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய பாட்டு புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. கோடைப் பொருநனாகிய பண்ணி அகநானூற்றில் சுட்டப்படுகின்றான். வேனிலில் இளைப்பாற மலையேறும் வழக்கம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்பே வழங்கிய பெயர் இது. சங்க இலக்கியத்தில் கோடை என்னும் சொல் மேல்காற்றையும் குறிக்கும் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்கொண்டு நிற்கும் மலை என்று கொள்வதில் பிழை ஒன்றும் இல்லை. இம்மலையடிவாரத்து ஆவியர் குடியிற் பிறந்த பேகனே மயிலுக்குப் போர்வை ஈந்தான் என்பதும் கருதற்பாலது. அச்செயலைக் கொடைமடம் எனப் போற்றுவதோடு நாம் நின்றுவிடுகின்றோம். குளிர் இன்னதென அறிந்த நிலத்தவன் செய்த கொடை அது என்பதை நினைப்பதில்லை.

மேல்காற்று கோடைக்கானலை வந்தடையும்போது அதன் ஈரத்தின் பெரும்பகுதி குறைந்துவிடுகின்றது. மேற்கே ஓங்கி நிற்கும் ஆனைமலைத் தொடர் தென்மேற்குப் பருவமழையை முன்னரே வாங்கிக்கொள்வதே காரணம். அதனால் மூணாற்றில் ஆடி மாதம் அடைமழை கொட்டும்போது கோடைக்கானலில் சாரலும் மூடுபனியுமே மிகுதி. ஆண்டு முழுதும் பெய்யும் மழை சராசரியாக 1600 மில்லிமீட்டர் அளவினது. அதில் ஐப்பசியை ஒட்டிய வடகிழக்குப் பருவமழைக்கே முதலிடம். மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் உறைபனி தொடங்கும். மேகமற்ற இரவில் நிலத்தின் வெப்பம் தடையின்றி வெளியேற, குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். இதனால் மேட்டுத் தோட்டம் தப்பிப் பிழைக்க, ஏரிக்கரையும் தாழ்ந்த புல்வெளியும் விடியற்காலையில் உப்புப் பூத்தாற்போல வெளுத்துக் கிடக்கும். உயரம் கூடினால் குளிர் கூடும் என்ற பொதுவிதி, பனிக்கால இரவுகளில் ஓர் ஊரின் எல்லைக்குள்ளேயே தலைகீழாகிவிடுகின்றது. ஆக, கூதிர் மழையும் முன்பனியுமே இவ்வூரின் ஆண்டை ஆள்கின்றன. தொல்காப்பியர் வகுத்த பொழுது இங்கே மழைமானியிலும் வெப்பமானியிலும் அப்படியே பதிவாகின்றது எனலாம்.

ஆங்கிலேயர் கண்ட கோடைக்கானலோ வேறு பருவத்தினது. 1821-இல் வார்டு என்னும் படை அலுவலர் இம்மலைகளை அளந்தார். 1836-இல் தாவரவியல் அறிஞர் இராபர்ட் வைட் வந்து செடிகொடிகளை ஆராய்ந்தார். 1845-இல் மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர் இரண்டு இல்லங்களைக் கட்டினர். சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் தம்மவர் பலரைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் தேடியது சித்திரை வைகாசியின் தண்மையை. எனினும் ஓர் இல்லத்திற்குச் ‘சன்னிசைடு’, அதாவது வெயில் படும் பக்கம், எனப் பெயரிட்டனர். வெயிலை விட்டு ஓடி வந்தோரும் வெயிலையே நாட வேண்டியிருந்தது போலும்! 1863-இல் மதுரை ஆட்சியர் வீயர் இலெவிஞ்சு நீரோடைகளைத் தடுத்து ஏரியை அமைத்தார். அதனைச் சுற்றிப் பங்களாக்களும் தோட்டங்களும் எழுந்தன. பேரி, பிளம்ஸ், பீச்சு ஆகிய கனிமரங்களும், ரோஜா, டேலியா முதலிய பூச்செடிகளும், ஆஸ்திரேலியாவின் தைலமரமும் வேட்டில் மரமும் வேரூன்றின. அயல்நாட்டுச் செடிகள் எத்துணைப் பெருகின என்பதற்கு, அருட்தந்தை கே. எம். மேத்யூ கோடைக்கானலின் அயல் தாவரங்களுக்கென்றே 1969-இல் தனிநூல் ஒன்று வெளியிட நேர்ந்ததே போதிய சான்று.

வானத்தை ஆராய்வதற்கென்றே வந்தவர்களும் உண்டு. தாது வருடப் பஞ்சத்தில் மக்கள் இலக்கக்கணக்கில் மடிந்த பின்னர், ஞாயிற்றின் கரும்புள்ளிகளுக்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்னும் கருத்து வலுப்பெற்றது. அதன் தொடர்ச்சியாக 1899-இல் இங்கே வானாய்வு நிலையம் நிறுவப்பட்டது. மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். 1909-இல் எவர்ஷெட் கரும்புள்ளிகளில் வளிமத்தின் ஓட்டத்தைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றது இந்நிலையத்தில்தான். சமவெளி உழவனின் பசியில் பிறந்த நிறுவனம் இது என்பதை ஏரியில் படகு செலுத்த வருவோருள் அறிவார் மிகச் சிலரே.

1908-இல் வனத்துறை அலுவலர் பிரையண்ட் உருவாக்கிய பூங்கா, தோட்டக்கலையின் காலக்கணக்கை முழுதும் கோடைவிழாவோடு பிணைத்துவிட்டது. மே மாதம் மலர்க்காட்சி நடைபெறும். அம்மலர்களுக்குரிய உழைப்போ கூதிரிலும் பனியிலும் நிகழ்வது. கார்த்திகை மார்கழியில் நாற்று நடப்படும். இளஞ்செடிகள் கருகாமல் பனியிலிருந்து காக்கப்படும். ரோஜாக் கிளைகள் உரிய காலத்தில் கவாத்து செய்யப்படும். நாள் தவறிக் கவாத்து செய்தால் விழாவிற்கு முன்பே பூத்து உதிரும், அல்லது விழா முடிந்த பின்னரே மொட்டவிழும். காண வருவோர் பார்ப்பது வேனிலின் மலர்; அதனை ஆக்கியது விறைத்த கைகளின் மார்கழி.

இக்காலக்கணக்கு பூங்காவோடு நின்றிருந்தால் குறைகூற ஒன்றும் இல்லை. இம்மலையின் மேற்பரப்பு, பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியுமாக அமைந்தது. உறைபனி படியும் திறந்த வெளியில் சோலை மரங்களின் கன்றுகள் பிழைப்பது கடினம். புல்லே அங்கு நிலைக்கும். இதனை அறியாதோர் அப்புல்வெளிகளைத் தரிசு எனக் கணக்கெழுதி, பனியைத் தாங்கும் அயல் மரங்களை நட்டனர். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வு, 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதெனக் காட்டுகின்றது. கூதிர் மழையை உறிஞ்சி வேனில்வரை சிறிது சிறிதாகக் கசியவிடுவது அப்புல்லும் சோலையும் சேர்ந்த நிலமே. தெற்கே வராகநதியும் மஞ்சளாறும், வடக்கே பாலாறும் பொருந்தலாறும் இம்மலையின் ஊற்றுகளை நம்பியவை. பெரியகுளத்து வயலும் பழனியின் குடிநீரும் இதில் அடங்கும். ஊற்று மெலிந்திருக்கும் மே மாதத்திலேயே கூட்டமும் குவிகின்றது. வாகன நெரிசலைக் கருதிச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட, 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. அது பாதையின் நெரிசலைப் பற்றியது. நிலத்தின் நீரைப் பற்றிய கணக்கு இன்னும் எழுதப்படவேண்டியதாகவே உள்ளது.

பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி திறந்த புல்வெளியை நாடுவது. வேட்டில் மர நிழலில் அது செழிப்பதில்லை. 1936-இல் எழுந்த குறிஞ்சி ஆண்டவர் கோயிலின் முருகன் அப்பூவின் பெயரையே கொண்டுள்ளான். 2018-இல் அது பூத்து ஓய்ந்த சில வாரங்களில், நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தருகே கரை கடந்த கஜா புயல் திண்டுக்கல் வழியாக இம்மலைமீது ஏறி, எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. கார்த்திகைப் பிறப்பை ஒட்டிய நாள் அது. கூதிரின் கடுமை ஏட்டில் மட்டும் இருப்பதன்று. அடுத்த பூப்பு 2030-இல் எதிர்பார்க்கப்படுகின்றது.

பூங்காவின் நாட்காட்டிக்குப் புறம்பாக, பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களின் படிக்கட்டு வயல்களில் வேறொரு நாட்காட்டி இன்றும் வழங்கி வருகின்றது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு அங்கே ஆண்டிற்கு இருமுறை பயிராவது. மேல்காற்றின் சாரலை நம்பி ஒரு போகம். ஐப்பசி மழையின் ஈரத்தை நம்பி மற்றொரு போகம். இரண்டாம் போகத்துப் பூண்டின் பல், கூதிரில் ஊன்றப்பட்டு, பூச்செடிகளைக் கருக்கும் அதே முன்பனியில் கிழங்கு கட்டத் தொடங்குகின்றது. மாசி பங்குனியில் அதனைப் பிடுங்கி, வீட்டுக் கூரையின் கீழ்க் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்துவர். அடுத்த விதைப்பிற்கான பற்களும் அக்கொத்துகளிலிருந்தே எடுக்கப்படும்.