பாட்டிலில் கொடுத்தனுப்ப முடியுமா?

போன வருஷம் நடுகல் பார்க்கக் கல்வராயன் மலைக்குப் போனபோது, வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி போடும் பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். சிறுநீர்ப்பையில் கட்டி வந்து, புதுச்சேரியில் எடுத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து குழாய் விட்டுப் பார்க்கணும் என்று சொல்லி அனுப்பினார்களாம். இரண்டு தடவை போனவர் அப்புறம் போகவில்லை. கச்சிராயபாளையம் இறங்கி, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், புதுச்சேரி. கூட வருபவருக்கும் கூலி போய்விடும்.

"ஒண்ணுக்கை பாட்டில்ல பிடிச்சுக் கொடுத்தனுப்பினா தெரியாதா தம்பி?"

இந்தக் கேள்விக்கு வயசு அதிகம். நம் சித்தர் மரபில் நீர்க்குறி, நெய்க்குறி உண்டு. சிறுநீரில் எண்ணெய்த் துளி பரவும் விதத்தை வைத்து வாதம், பித்தம், கபம் சொல்வார்கள். அதை மரபணுச் சோதனையின் முன்னோடி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இது வேறு வழி.

குழாய்க்குள் விளக்கு வைத்துச் சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை மாக்ஸ் நிட்சே 1879-ல் வியன்னாவில் காட்டினார். 1945-ல் பாபனிகோலாவும் மார்ஷலும் சிறுநீர் வண்டலில் உதிர்ந்து கிடக்கும் புற்றுச் செல்களை மைக்ராஸ்கோப்பில் காட்டினார்கள். (கர்ப்பப்பை வாய்க்குச் செய்யும் பாப் ஸ்மியர் இவர் பெயர்தான்.) ஆனால் மூர்க்கமான கட்டியைத்தான் அது நன்றாகப் பிடிக்கும். சாதுவான கட்டியின் செல் பார்க்க நல்ல செல் மாதிரியே இருப்பதால் தப்பிவிடும்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் மரபணு வந்தது. 3, 7, 17-ஆம் குரோமோசோம்கள் கூடியிருக்கிறதா, 9-ல் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறதா என்று நிறமேற்றிப் பார்க்கும் சோதனைக்கு, கட்டி திரும்புவதைக் கண்காணிக்க 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணு மாற்றம் 1999-லேயே தெரிந்திருந்தது. சாதுவான கட்டிகளில்தான் அது அதிகம். டெர்ட் மரபணுவின் மாற்றம் 2013-ல் வந்து சேர்ந்தது.

சிக்கல் இங்கேதான். முதல் கட்டியில் அந்த மாற்றம் இருந்திருந்தால்தான் சிறுநீரில் அதைத் தேடுவதில் அர்த்தம். இல்லாத பக்-குக்கு டெஸ்ட் எழுதி, பாஸ் ஆகிவிட்டது என்று ரிலீஸ் செய்வது போல ஆகிவிடும். அதனால்தான், அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை குழாய்ச் சோதனை என்ற விதி இன்னும் இருக்கிறது.

பெரியவருக்கு போனில் சொன்னேன்: "ஐயா, பாட்டில் மட்டும் போதாது. நேர்ல போங்க." கள்ளக்குறிச்சியிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்கள், அங்கே பார்ப்பார்களா என்று முதலில் விசாரிக்கவும் சொன்னேன்.

"கிழங்கு பிடுங்கி முடிச்சிட்டுப் போறேன் தம்பி" என்றார்.